அரைப் பேர்

பெரிய வியாழன் அன்று சாயங்காலம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கப் பெண்கள் தண்ணீர் விழுகிற பீலியடியில் கூடி ஒரு காலை மட்டும் தேய்த்துக் கழுவுவார்கள். வலது காலை. அன்று கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். எந்த ஃபாதர் வந்தாலும் வலது காலில்தான் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தம் கொடுப்பார். பீலித் தண்ணீர் மலையிலிருந்து நேராக இறங்குவது, எலும்பு வரைக்கும் குளிரும். யாரும் பார்க்காத காலை எதற்கு அதில் நனைப்பது? அந்த வருடம் சடங்குக்கு என்னையும் தெரிவு செய்திருந்தார்கள். ஓட்டுத் துண்டால் குதிகாலைத் தேய்த்து, வாசனைச் சவர்க்காரம் போட்டு, என் வலது காலைக் கல்யாணப் பெண்ணாக்கிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தேன்.

வந்திருந்தவர் புது ஃபாதர். எனக்கு முன்னால் முழங்கால் போட்டவர் இடது காலை எடுத்தார்.

நான் புள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகல் முழுக்கக் கழுவி, ஊட்டி, தூங்க வைப்பது என் பிழைப்பு. காலையிலிருந்து எத்தனை பிள்ளைகளின் மூத்திரத்தை மிதித்தேனோ, அத்தனையும் அந்த இடது காலில் இருந்தது. பித்தவெடிப்பில் மண், விரல் இடுக்கில் அட்டை கடித்துக் காய்ந்த இரத்தம். ஃபாதர் முகம் சுளிக்காமல் கழுவினார், முத்தம் கொடுத்தார், அடுத்தவளின் இடது காலுக்குப் போனார். வரிசை முழுக்கச் சேலைகள் கீழே இழுபட்டன. எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. வேண்டுமென்றேதான் செய்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு பிரசங்கம். “சிநேகிதன் காலக் கழுவுறது பெரிய காரியம் இல்ல. அன்னைக்கு இயேசு, காட்டிக் குடுக்கப் போற யூதாசோட காலயும்தான் கழுவினாரு. உங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு யூதாஸ் இருப்பாரு. அவரத் தேடிப் போங்க. சந்தோஷம் அங்கதான் இருக்கு” என்றார்.

நான் எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. என்னுடைய யூதாஸ் மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் பாயில் கிடந்தார்.

அவர் எங்கள் தோட்டத்தின் பழைய கங்காணி. பறிக்கிற பெண்களை மேய்க்கிற வேலை. தோட்டத்தில் பேர் என்றால் ஒருவருடைய பெயர் இல்லை, ஒரு நாள் வேலை. எடுக்க வேண்டிய கொழுந்தை எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். வெயிலும் மழையும் தின்று மலையில் நின்றவளை, தராசடியில் வைத்து, நீ இன்று பாதி ஆள்தான் என்று சொல்லி அனுப்புவதுதான் அரைப் பேர். அதைச் சொல்வதில் இந்தக் கங்காணிக்கு ஒரு ருசி இருந்தது. வார்த்தையை வாயில் போட்டுக் குதப்பி, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொல்வார்.

என் அம்மாவுக்கும் ஒரு நாள் சொன்னார். அப்போது நான் சின்னப் பிள்ளை, அம்மா மாசமாக இருந்தாள். மேல் மலையில் கொழுந்து நிரையில் நிற்கும்போது வலி எடுத்துவிட்டது. கீழே போகிறேன் ஐயா என்று கேட்டிருக்கிறாள். கூடையை நிரப்பிவிட்டுப் போ என்றிருக்கிறார். நிரப்பப் பார்த்தாள், முடியவில்லை. தராசடிக்கு ஊர்ந்து வந்தவளுக்கு அரைப் பேர் போட்டார். அன்றைக்கே எங்கள் காம்பராவில் என் தம்பி பிறந்தான், மூச்சு இல்லாமல். அம்மா அவனுக்காக அழுததை நான் பார்த்ததில்லை. அந்த அரைப் பேரைப் பற்றிப் பேசாத நாளையும் பார்த்ததில்லை.

அதனால், கங்காணியைக் கழுவப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவள் கையில் இருந்த கோப்பை எங்கே பறக்கும் என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா எறியவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

“போறதுன்னா போ. சும்மா போவாத. அன்னைக்கு எனக்குக் குடுக்காத முழுப் பேர அவன் வாயால வாங்கிட்டு வா. நான் சாவுறதுக்குள்ள கேக்கணும். இல்ல அவன் சாவுறதுக்குள்ள.”

இப்படியாக, சுவிசேஷம் ஒரு கையும் அம்மாவின் ஆணை மறு கையுமாக நான் ஊழியத்துக்குப் புறப்பட்டேன்.

கங்காணிக்குப் பாரிசவாதம் அடித்து வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. மகன் கொழும்பில் கடை வேலையில். மருமகள் மட்டும்தான் கூட. அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மலை யாத்திரை சீசன் காலத்தில், அடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு பலகாரக் கடைக்கு வேலைக்குப் போவாள். மலை ஏற வருகிற கூட்டத்துக்கு வடை போட்டுவிட்டுப் பொழுது சாய்ந்துதான் வருவாள். மற்ற மாதங்களில் கொழுந்து. எப்படியும் பகலெல்லாம் கதவுக்கு வெளியே கொக்கி. உள்ளே அவர். முதல் நாள் வேலை முடிந்து போய் நான் கொக்கியை எடுத்துத் திறந்தபோது வந்த வாடையில் நான் சொன்னது ஜெபமில்லை.

“ஐயா, நான் கீழ் லயத்துப் புள்ளக்காம்பரா ஆயா. ஒங்களக் கழுவ வந்திருக்கேன்” என்றேன்.

அவர் வாய் கோணிற்று. எங்கேயோ ஆழத்திலிருந்து கிளப்பி எடுத்து, “அரப்பேரு!” என்றார்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். பொழுது சாய்ந்து வந்த மருமகள்தான் விளக்கினாள். மூளையில் இருந்த பேச்செல்லாம் அழிந்துவிட்டதாம். இந்த ஒரு சொல்தான் மிச்சம். பசித்தாலும் அரைப் பேர், வலித்தாலும் அரைப் பேர், மகனைப் போனில் பார்த்தாலும் அரைப் பேர். கடவுளுக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டு என்று எனக்கு ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

லயமே அதை வைத்துப் பிழைத்தது. வேலை விட்டு வருகிற பெண்கள் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் அவர் முன்னால் தலை நிமிராதவர்கள். “கங்காணி ஐயா, இன்னைக்கு என் சேல எப்புடி?” அரப்பேரு. “எங்க வீட்டுக்காரரு எப்புடி?” அரப்பேரு. அதற்குத்தான் பெரிய சிரிப்பு. மருமகள் தலைமாட்டில் நின்றுகொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேள்வி கேட்பாள். “மாமா, என் சமையலு எப்புடி? சத்தமா சொல்லுங்க.” சொல்லாவிட்டால் சோற்றுக் கரண்டி அந்தரத்தில் நிற்கும். சொன்னால் வாய்க்குள் போகும்.

எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவள் நான். ஃபாதர் சொன்ன சந்தோஷம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்காது. எங்கள் லயத்துக்கு வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போவார். அந்த மனிதரை நான் இடுப்பில் கை கொடுத்துப் புரட்டுகிறேன், பீ துடைக்கிறேன், என் உள்ளங்கையில் ஊற்றிய தண்ணீரை அவர் நக்கிக் குடிக்கிறார். இதை விடப் பெரிய சந்தோஷம் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? ஒரு ஞாயிறு ஃபாதர் பூசை முடிந்து கேட்டார், சேவையில் மகிழ்ச்சி இருக்கிறதா என்று. நிறைய இருக்கிறது ஃபாதர் என்றேன். அது பொய்யில்லை.

ஆனால் அம்மா கேட்டது வரவில்லை. கழுவி முடித்து, தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் கேட்பேன். “ஐயா, கீழ் லயத்துல ஒருத்திக்குப் பேரு பாக்கி இருக்கு. முழுப் பேருன்னு சொல்லுங்க. முழு…” அவர் கண் என் உதட்டையே பார்க்கும். நாக்கு புரளும். “அரப்பேரு.” வீட்டுக்குப் போனால் அம்மா இருட்டில் உட்கார்ந்து கேட்பாள். “சொன்னானா?” இல்லை. “செத்தானா?” இல்லை. “அப்ப என்னத்துக்குப் போற?”

அந்த நேரத்தில்தான் கங்காணிக்கு இடுப்பில் புண் வைத்தது. படுக்கைப் புண் என்பது சும்மா வருவதில்லை. ஏன் இப்படி உதடு வெடித்து, நாக்கு வறண்டு கிடக்கிறார் என்று மருமகளைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

“காலையில தண்ணி குடுக்குறதில்ல அக்கா. குடுத்தா பாய நனைச்சிப்புடுவாரு. நான் வந்து ராவுல அலசி, அந்தக் குளிர்ல எங்க காயப் போடுறது?”

“தொண்ட வறண்டு போவும்ல புள்ள?”

“போவட்டும்.” அவள் அரிசி களைந்துகொண்டே பேசினாள். “கல்யாணம் ஆகி வந்த புதுசுல இவரு என்னைய என்ன சொல்லிக் கூப்புடுவாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. நீங்க வந்து கழுவிட்டு, ஞாயித்துக்கெழம கோயில்ல நல்ல பேரு வாங்கிட்டுப் போயிருவீங்க. ராவெல்லாம் இந்த மூச்ச கேட்டுக்கிட்டுப் படுக்குறவ நானு.”

எனக்கு அவள் மீது கோபம் வந்தது, அதை விட அதிகம் அவள் சொன்னது சரியாக இருந்ததில் கோபம் வந்தது. மறுநாளிலிருந்து காலையிலும் போனேன். வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரத்தில், புள்ளைக்காம்பராவைத் திறப்பதற்கு முன்னால், தண்ணீர் கொடுத்து, பொறுத்திருந்து, துணி மாற்றிவிட்டு ஓடுவேன். பாயை நானே பீலியில் அலசினேன். புண்ணைக் கழுவி, பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி தேங்காய் எண்ணெய் தடவி, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பழக்க தோஷம், ஒரு நாள் கழுவும்போது புள்ளைக்காம்பராவில் முணுமுணுக்கிற தாலாட்டு வாயில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் கங்காணி வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. என் தம்பி கேட்காத தாலாட்டை இந்த ஆள் கேட்டுத் தூங்குகிறார். தட்டி எழுப்பிவிடலாம் என்று கையைக்கூட ஓங்கினேன். எழுப்பவில்லை. அவர் நன்றாகத் தூங்கியது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றேன்.

அடுத்த தவக்காலம் வந்தது. மனிதர் தேய்ந்துவிட்டார். கஞ்சி உள்ளே போவது நின்றது. இனி அதிக நாள் இல்லை என்று நான் சொன்னதும் அம்மா ஊன்றுகோலைத் தேடினாள்.

“நீ வாங்கித் தர மாட்ட. நானே போய்க் கேக்குறேன்.”

முழங்கால் போய் வருடக்கணக்காகிவிட்ட அம்மா, கோயிலுக்குக்கூடப் போவதில்லை. மேல் லயத்துக்குப் போகிற படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நான் பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். அன்று ஞாயிறு, மருமகள் வீட்டில் இருந்தாள். அம்மா காம்பராவுக்குள் நுழைந்து, பாயில் கிடந்ததைப் பார்த்து, “இவனா?” என்றாள். ஏமாந்து போன குரல். இத்தனை வருடம் அவள் வெறுத்த ஆள் கட்டைமீசையும் தொப்பையுமாக இருந்தவர். இது ஏதோ உரித்த கோழி.

ஸ்டூலில் உட்கார்ந்து, கோலைப் பாயின் ஓரத்தில் ஊன்றினாள். வாழ்நாள் முழுக்க ஐயா என்று கூப்பிட்டவரை முதல் தடவையாக நீ என்றாள்.

“என்னத் தெரியுதா? மேல் மலையில வயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கீழ போறேன்னு கேட்டேன். நிரப்பிட்டுப் போன்னு சொன்ன. தெரியுதா?”

அவர் அவளையே பார்த்தார். நான் வழக்கம்போல, “முழுப் பேருன்னு சொல்லுங்க ஐயா” என்று ஆரம்பித்தேன்.

“நீ சும்மா இரு,” என்றாள் அம்மா. அவர் பக்கம் குனிந்தாள். “அன்னைக்கு எனக்கு என்ன பேரு போட்ட? அத மட்டும் சொல்லு.”

அவர் நாக்கு புரண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. மருமகள் பழக்கத்தில் சிரிக்க வாயைத் திறந்தாள். அவர் வழக்கமாகக் கத்துவதுபோலக் கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக இழுத்து இழுத்துச் சொன்னார்.

“அர… ப்… பேரு.”

மருமகளின் வாய் மூடிக்கொண்டது.

இத்தனை மாதம் நான் அவரிடம் இல்லாத சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா அவரிடம் இருந்த ஒரே சொல்லைக் கேட்டாள். உண்மையும் அதுதானே. அவர் புரிந்துதான் சொன்னாரா, இல்லை சேலைக்கும் சாம்பாருக்கும் சொன்னதையே சொன்னாரா, எனக்குத் தெரியாது. கண்ணீர் விட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவருடைய வலது கண் எப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும், அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. “ஆமா,” என்றாள். “அரப்பேருதான் போட்ட. மறக்கல பாத்தியா நீ.” நீளமாக மூச்சு விட்டாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது.

பிறகு அவள் கண் கீழே போனது. கோல் முனையால் போர்வையை விலக்கி அவர் காலைப் பார்த்தாள்.

“அடியே, இதுதான் நீ கழுவுற லட்சணமா? வெரல் இடுக்குல பாரு அழுக்க. இந்த வேலைக்கு ஒனக்கு அரப்பேருதான்.”

மருமகள்தான் முதலில் வெடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாயிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது, இருமலா என்னவோ. அம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள். மருமகள் அடுப்பில் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அம்மா கங்காணி மாதிரியே கோலை ஊன்றி மேலே உட்கார்ந்திருக்க, நான் கீழே முழங்காலில் நின்று கங்காணியின் காலைக் கழுவினேன். “அந்தச் சுண்டு வெரல விட்டுட்ட. நல்லா அழுத்து. இன்னும்.” அவள் ஒரு விரலையும் விடவில்லை.

அப்போதுதான் எனக்கு வந்தது. யாரையும் ஜெயித்த சந்தோஷம் இல்லை அது. யாரிடமும் எதையும் வாங்க வேண்டியதில்லை என்றாகிவிட்ட பிறகும் கை தானாகக் கழுவிக்கொண்டிருந்த சந்தோஷம். இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று எனக்கு அழுகையாக வந்தது. அழுதால் அம்மா திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். நான் பிள்ளைகளிடம் போனேன், மருமகள் நல்லதண்ணிக்குப் போனாள். கொக்கி போட்ட கதவுக்குள் யாரும் இல்லாமல் செத்தார். சாயங்காலம் நான் திறந்தபோது இடது கை கோப்பைப் பக்கம் நீண்டிருந்தது, கோப்பை எட்டவில்லை. நான் வைத்த கோப்பை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்திருக்கலாம் என்பது இன்றைக்கும் என்னைக் குத்தும்.

கொழும்பிலிருந்து மகன் வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். சொந்தக்காரர்கள் மருமகளின் கையைப் பிடித்து, தங்கமாகப் பார்த்துக்கொண்டாய் என்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். பறை முன்னால் போக, மேல் மலைக்குப் போகிற ரோட்டிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். தராசடியைக் கடக்கும்போது பழைய பெண்கள் சிலர் ஓரமாக நின்றார்கள். ஒருத்தி வாய்க்குள் அந்தச் சொல்லைச் சொன்னாள், பக்கத்தில் நின்றவள் அவளை இடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசல்படியில் வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள்.

“சாவு வூட்டுக்குப் போனவ, காலக் கழுவாம உள்ள ஏறாத.”

கழுவினேன். இரண்டு காலையும். அம்மா நகர்ந்து வழி விடவில்லை.

“இனிமே அந்திக்கு எங்க போவ?”

“எங்கயும் இல்லம்மா.”

அவள் சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கி, வலது காலை என் முன்னால் நீட்டினாள். வீங்கின கால். கொழுந்துச் செடியின் வாது கிழித்த தழும்புகள், கரண்டைக்குப் பக்கத்தில் கறுத்துப்போன பழைய புண். வலியோடு அன்று மேல் மலையில் நின்ற கால் இதுதான். காலையும் மாலையும் இந்தக் காலைத் தாண்டித்தான் நான் மேல் லயத்துக்குப் போய் வந்தேன்.

“ஊரான் காலெல்லாம் கழுவியாச்சில்ல,” என்றாள்.

கழுவினேன். விரல் இடுக்கில், நகத்துக்கு அடியில், குதிகால் வெடிப்பில். முந்தானையால் ஈரம் ஒற்றி எடுத்தேன். ஃபாதர் செய்த மாதிரி குனிந்து முத்தம் கொடுத்தேன். அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள்.

“இப்பயாவது முழுப் பேராம்மா?”

அவள் காலைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். குறை ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“இன்னொரு காலு இருக்குல்ல,” என்றாள்.